கணக்கில் ஏறிய பணம் இறங்கிப் போவது ஏன்? கார் விற்பவர்களைக் குறிவைக்கும் போலி செக்

அமெரிக்காவில் பழைய காரை இணையத்தில் விளம்பரம் கொடுத்து விற்கப் போகிறவருக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: “செக் கொடுத்தால் பணம் ஏறும்வரை பொறுத்திரு, அப்புறம் சாவியைக் கொடு.” கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் போலி செக்கில் பணத்தை விட்டவர்களில் பலரும் அப்படிப் பொறுத்திருந்தவர்கள்தான். வங்கிச் செயலியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். தொகை ஏறியிருக்கிறது. எடுத்துச் செலவழிக்கவும் முடிந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு நாள், சில சமயம் வாரக்கணக்கில் கழித்து, அந்தத் தொகை மொத்தமும் கழிக்கப்பட்டுக் கணக்கு மைனஸில் நிற்கிறது.

ஏமாற்றுக்காரனின் சாமர்த்தியம் என்று இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி அமெரிக்க வங்கிச் சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அது வாடிக்கையாளரின் நன்மைக்காகவே போடப்பட்ட சட்டம்.

1980களில் அமெரிக்க வங்கிகள் மீது மக்களுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. செக்கைப் போட்டால் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று பணத்தை நிறுத்தி வைத்தார்கள். அதற்கிடையில் வாடகைக்குக் கொடுத்த செக் திரும்பிவிடும், அதற்கு அபராதமும் வாடிக்கையாளர் தலையில். இதைத் தடுக்க 1987இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. போட்ட செக்கின் பணத்தை இத்தனை நாளுக்குள் எடுக்க அனுமதித்தே ஆக வேண்டும் என்று வங்கிகளுக்குக் கெடு விதித்தது அது. 1988 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் இதற்காக எழுதிய விதித்தொகுப்புக்கு ரெகுலேஷன் சிசி என்று பெயர்.

அந்த விதிகளின் சாரம் இது. சாதாரண செக் என்றால் முதல் சிறு தொகை அடுத்த வேலை நாளே கிடைக்க வேண்டும். 2020 ஜூலை முதல் 225 டாலராக இருந்த அந்தத் தொகை 2025 ஜூலை முதல் 275 டாலர். மீதி இரண்டாவது வேலை நாளில் கிடைத்துவிடும். வங்கியே தன் பேரில் எழுதித் தரும் காஷியர்ஸ் செக் என்றால் இன்னும் வேகம்: உங்கள் பெயருக்கு எழுதப்பட்டு, நீங்களே கிளைக்குப் போய் ஊழியரிடம் கொடுத்துக் கணக்கில் போட்டால், அடுத்த வேலை நாளே முழுத் தொகையும் எடுக்கக் கிடைக்க வேண்டும். ஒரே நாளில் போடும் செக்குகள் 6,725 டாலரைத் தாண்டினால், தாண்டிய பகுதியை வங்கி கூடுதல் நாள் நிறுத்தி வைக்கலாம். செக்கின் மேல் நியாயமான சந்தேகம் இருந்தாலும் நிறுத்தி வைக்கலாம். இப்படிச் சில விலக்குகள் தவிர, கொடுத்தே ஆக வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. சட்டம் கெடு விதித்திருப்பது உங்கள் வங்கி உங்களுக்குப் பணம் கொடுப்பதற்கு. செக் எழுதிய கணக்கிலிருந்து உங்கள் வங்கிக்குப் பணம் வந்து சேர்ந்ததா என்பது முற்றிலும் வேறு சங்கதி. செயலியில் தெரியும் ‘எடுக்கக்கூடிய இருப்பு’ என்பது, செக் நல்லதுதான் என்று நம்பி உங்கள் வங்கி தன் கையிலிருந்து போட்டு வைத்த முன்பணம். செக் திரும்பினால் அந்த முன்பணத்தை உங்களிடமே வசூலிக்க வங்கிக்கு உரிமை உண்டு. மாநிலங்கள் எல்லாம் ஏற்றிருக்கும் ஒருங்கிணைந்த வணிகச் சட்டத்தில் அது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் அதைச் செலவழித்துவிட்டீர்கள் என்பதோ, எடுக்க வங்கியே அனுமதித்தது என்பதோ அங்கே வாதமாக எடுபடாது.

கவுன்டரில் இருப்பவரிடம் வாய்விட்டுக் கேட்டால்கூடப் பெரிதாகப் பாதுகாப்பு இல்லை. நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் தீர்ப்புச் சொன்ன வழக்கு ஒன்று இதற்கு நல்ல சாட்சி. ஏமாந்தவர்கள் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தினர். புதிய கட்சிக்காரர் ஒருவர் வழியாக வந்த 197,750 டாலர் காஷியர்ஸ் செக்கைக் கணக்கில் போட்டார்கள். செக் பாஸ் ஆகிவிட்டதா என்று வங்கியில் கேட்டார்கள். ஆகிவிட்டது என்று பதில் வந்தது. சொன்ன இடத்துக்கு அதில் பெரும்பகுதியை அனுப்பினார்கள். செக் போலி. நட்டம் வழக்கறிஞர்களுடையதுதான் என்று நீதிமன்றம் முடித்தது. ‘பாஸ் ஆகிவிட்டது’ என்ற சொல்லுக்கு இறுதியாகத் தீர்ந்துவிட்டது என்றுதான் பொருள் என்று கொள்ள முடியாது, அதை நம்பியது நியாயமல்ல என்பது தீர்ப்பின் சாரம். சட்டம் படித்தவர்களுக்கே இந்தக் கதி.

செக் திரும்ப ஏன் இத்தனை நாள் ஆகிறது என்று கேட்கலாம். பயண நேரம் இப்போது காரணமில்லை. ஒரு காலத்தில் தாள் செக்குகள் மூட்டை மூட்டையாக விமானத்தில் ஊர் ஊராகப் பறந்தன. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானங்கள் தரையில் நின்றபோது செக்குகளும் நின்றுபோயின. அந்த அனுபவமும் சேர்ந்து பிறந்ததுதான் 2003இன் செக் 21 சட்டம். 2004 அக்டோபர் முதல், தாளுக்குப் பதில் செக்கின் படத்தை அனுப்பித் தீர்வு செய்வது பரவியது. இன்று பெரும்பாலும் ஓரிரு நாளில் செக்கின் படம் உரிய வங்கிக்குப் போய்விடும். இல்லாத கணக்கின் மேல் எழுதிய மட்டமான போலி என்றால் சில நாளிலேயே திரும்பிவிடும்.

தாமதம் வருவது வேறு வழிகளில். செக்கின் அடியில் காந்த மையில் அச்சிட்ட எண் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்பது இலக்க ரூட்டிங் எண் செக் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று சொல்லும். இயந்திரங்கள் படிப்பது அதைத்தான். மேலே கொட்டை எழுத்தில் உள்ள வங்கிப் பெயரை அவை பொருட்படுத்துவதில்லை. மேலே ஒரு வங்கியின் பெயர், கீழே இன்னொரு வங்கியின் எண் என்று அச்சடித்தால், செக் தவறான இடத்துக்குப் போய், “இது எங்களுடையது அல்ல” என்று திரும்பி, மறுபடி அனுப்பப்பட்டு, அலைந்து கொண்டிருக்கும். அந்த அலைச்சல்தான் மோசடிக்காரனுக்கு வேண்டிய அவகாசம்.

இன்னொரு வகை, தபாலில் திருடிய உண்மையான செக்கை ரசாயனத்தில் கழுவிப் பெயரையும் தொகையையும் மாற்றி எழுதுவது. தாள் அசல், கையெழுத்து அசல், கணக்கில் பணமும் இருக்கும். எனவே முதலில் செல்லுபடியாகிவிடும். கணக்குக்காரர் மாதக் கடைசியில் அறிக்கையைப் பார்த்துக் கூச்சல் போட்ட பிறகுதான் வெளியே வரும். திருத்தப்பட்ட செக்குக்கு அதைக் கணக்கில் போட்ட பக்கமே பொறுப்பு என்பதால், அவருடைய வங்கி உங்கள் வங்கியிடம் பணத்தைக் கேட்கும், உங்கள் வங்கி உங்களிடம் வரும். இந்தத் தபால் திருட்டு சில்லறை விஷயமல்ல. கருவூலத் துறையின் நிதிக் குற்றப் பிரிவான ஃபின்சென் 2023 பிப்ரவரியில் இதைப் பற்றித் தனி எச்சரிக்கையே விட்டது. செக் மோசடி குறித்து வங்கிகள் தாக்கல் செய்த சந்தேக அறிக்கைகள் 2021இல் மூன்றரை லட்சத்துக்கு மேல், 2022இல் 6,80,000க்கு மேல் என்று அதில் கணக்குச் சொன்னது. செக் எழுதும் பழக்கமே குறைந்துகொண்டு வரும் நாட்டில் இது.

சரி, இதற்கும் பழைய காருக்கும் என்ன சம்பந்தம்? மோசடிக்காரனுக்கு இரண்டு பொருத்தங்கள் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. ஒன்று, தொகை சில ஆயிரம் டாலர் என்பதால் செக் கொடுப்பது இயல்பாகத் தெரியும். மேசை நாற்காலி வாங்க வந்தவர் காஷியர்ஸ் செக் நீட்டினால் சிரிப்போம், காருக்கு நீட்டினால் மரியாதையாக வாங்கிக்கொள்வோம். இரண்டாவது, வண்டியை எடுத்துப் போக ஆள் வேண்டும், லாரி வேண்டும், அதற்குக் கூலி வேண்டும் என்பதும் நம்பக்கூடியது. மூன்றாம் நபர் ஒருவருக்குப் பணம் அனுப்பச் சொல்ல இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

அந்த நாடகத்தை ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். 4,800 டாலர் என்று விளம்பரம் போடுகிறீர்கள். ஒரு குறுஞ்செய்தி வருகிறது: “பொருள் இன்னும் இருக்கிறதா? நிலைமை எப்படி? விற்கக் காரணம்?” காரின் பெயரைச் சொல்லாமல் ‘பொருள்’ என்கிறார் பாருங்கள். சோபாவுக்கும் பியானோவுக்கும் அனுப்புகிற அதே வாசகம் உங்களுக்கும் வந்திருக்கிறது. நீங்கள் பதில் சொன்னதும் பேரமே பேசாமல் ஒப்புக்கொள்கிறார். ராணுவத்தில் பணி, வெளியூரில் இருக்கிறேன், அல்லது கடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை, போனில் பேச வசதியில்லை. வண்டியைப் பார்க்க வேண்டாம், ஓட்டிப் பார்க்க வேண்டாம், உங்கள் மேல் நம்பிக்கை இருக்கிறது. மகனுக்குப் பிறந்தநாள் பரிசு. இனி யாருக்கும் காட்டாதீர்கள், விளம்பரத்தை எடுத்துவிடுங்கள், அதற்காக நூறு டாலர் சேர்த்தே தருகிறேன்.

கூரியரில் காஷியர்ஸ் செக் வருகிறது. 6,500 டாலர். அதில் 4,800 வண்டி விலை, 100 உங்கள் சிரமத்துக்கு, மீதி 1,600ஐ வண்டி எடுக்க வரும் லாரிக்காரருக்கு உடனே அனுப்பிவிடுங்கள் என்கிறார். உங்கள் கணக்கில் 1,300 டாலர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வியாழனன்று செக்கைப் போடுகிறீர்கள். தொகை 6,725க்குள் இருப்பதால், பெரிய தொகை என்ற காரணம் காட்டி வங்கி நிறுத்தி வைக்க முடியாது. வெள்ளிக்கிழமை இருப்பு 7,800 என்று காட்டுகிறது. 1,600ஐ அனுப்புகிறீர்கள், இருப்பு 6,200. அடுத்த வாரம் செக் திரும்புகிறது. 6,500 கழிகிறது. இப்போது மைனஸ் 300, செக் திரும்பியதற்கான கட்டணம் தனி. லாரி வரவில்லை. கார் வாசலிலேயே நிற்கிறது. அவர்களுக்குக் காரே தேவைப்படவில்லை, அந்த 1,600தான் குறி.

இந்தத் தொகை கற்பனை என்றாலும் நடப்புக்கு வெகு தூரமில்லை. மத்திய வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி.யிடம் 2019இல் வந்த போலி செக் புகார்களில் இழந்ததாகச் சொன்ன மொத்தத் தொகை 2.8 கோடி டாலருக்கு மேல், நடுமதிப்பு இழப்பு 1,988 டாலர். கார் விற்பனை மட்டுமல்ல, எல்லா வகையும் சேர்ந்த கணக்கு இது. முப்பது வயதைத் தாண்டியவர்களைவிட இருபதுகளில் இருப்பவர்கள் இதில் பணம் இழப்பது இரண்டு மடங்குக்கு மேல் என்றும் ஆணையம் சொன்னது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. செக்கையே அதிகம் கையாளாத தலைமுறை அது. எல்லாப் பணமும் ஏறிய கணமே இறுதி என்று பழகியவர்களுக்கு, ஏறிய பணம் இறங்கவும் கூடும் என்பது தோன்றாது.

மேலே சொன்ன நாடகத்தின் உடுப்புகள் மாறலாம். ராணுவம் போய் மருத்துவர் வரலாம், லாரிக்காரர் போய் ‘என் செயலாளர் தவறுதலாகக் கூடுதலாக எழுதிவிட்டார்’ வரலாம். மாறாத ஒன்று உண்டு: உங்களிடம் வருவது திரும்பிப் போகக்கூடிய பணம், உங்களிடமிருந்து போவது திரும்பி வராத பணம். செக்கை வாரக்கணக்கில் கழித்தும் திருப்பலாம். வயர் என்னும் நேரடி வங்கிப் பரிமாற்றம், வங்கிச் செயலிகளில் உடனே பணம் அனுப்பும் ‘செல்’ (Zelle) வசதி, கிஃப்ட் கார்டு எண், கிரிப்டோ இவை போனால் போனதுதான். எந்தப் பரிமாற்றத்திலும் இந்த ஏற்றத்தாழ்வு தெரிந்தால் எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் நிறுத்திவிடலாம். அடையாளங்களின் நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இது பயன்படும் என்பது என் கருத்து. எழுத்துப்பிழை நிறைந்த மெயில் மோசடி என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது பிழையே இல்லாமல் எழுதித் தரக் கருவிகள் இருக்கின்றன.

இரண்டாவது வகை இதைவிடக் கொடியது. இதில் கூடுதல் தொகை இல்லை, லாரிக்காரர் இல்லை. நேரிலேயே வருவார். நன்றாக உடுத்தியிருப்பார், வண்டியை ஓட்டிப் பார்ப்பார், டயரை உதைத்துப் பார்ப்பார், இருநூறு டாலர் குறைக்கச் சொல்லிப் பேரமும் பேசுவார். சனிக்கிழமை மாலை, சரியான தொகைக்கு, பெரிய வங்கி ஒன்றின் காஷியர்ஸ் செக்குடன் திரும்பி வருவார். நீங்கள் வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டிலில் கையெழுத்துப் போட்டு இரண்டு சாவியையும் கொடுப்பீர்கள். செக்கை விசாரிக்க வங்கி திறக்கும் நேரத்தில் வண்டி வேறு மாநிலத்தில் இருக்கும். இங்கே திரும்பி வராத பொருள், பணத்துக்குப் பதில், வண்டியே.

காஷியர்ஸ் செக்கின் மேல் உள்ள மரியாதைதான் இங்கே மூலதனம். வாங்குபவரின் பணத்தை முன்னாலேயே பெற்றுக்கொண்டு, வங்கி தன் பேரிலேயே எழுதித் தரும் செக் அது. இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு டிடி என்றால் புரியும். உண்மையான காஷியர்ஸ் செக், பணமில்லை என்று திரும்பாது. அதனால்தான் சட்டமும் அதற்கு அடுத்த நாள் சலுகை கொடுத்தது. ஆனால் அந்த உறுதி வங்கி எழுதிய செக்குக்குத்தான். அதைப் போலவே அச்சடித்த தாளுக்கு எந்த உறுதியும் கிடையாது. நல்ல அச்சு இயந்திரமும் நீர்க்குறித் தாளும் இருந்தால், கண்ணால் பார்த்து இனம் காண வங்கி ஊழியருக்கே கடினம்.

வண்டி போன பிறகு சட்டம் உங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்று நினைத்தால் அங்கேயும் ஒரு அடி காத்திருக்கிறது. கதவை உடைத்துத் திருடியவனுக்கு உரிமை கிடையாது. அவனிடம் வாங்கியவருக்கும் கிடையாது. வண்டி எங்கே கிடைத்தாலும் உங்களுடையது. ஆனால் நீங்களே மனமொப்பிக் கொடுத்து, பதிலுக்கு வாங்கிய செக் போலியாகப் போனால் கதை வேறு. ஒருங்கிணைந்த வணிகச் சட்டத்தின் 2-403ஆம் பிரிவின்படி, அப்படி ஏமாற்றி வாங்கியவனிடம் இருப்பது ரத்து செய்யத்தக்க உரிமை. அவனிடமிருந்து, ஒன்றும் அறியாத ஒருவர் நியாயமான விலை கொடுத்து வாங்கிவிட்டால், அந்தப் புதியவருக்கு நல்ல உரிமை போய்ச் சேர்ந்துவிடலாம். பின்னால் திரும்பிவிட்ட செக்குக்கு ஈடாகக் கொடுத்த பொருளுக்கும் இது பொருந்தும் என்று அந்தப் பிரிவே வெளிப்படையாகச் சொல்கிறது. கையெழுத்திட்ட டைட்டிலும் அவன் கையில் இருந்தால் இரண்டே நாளில் வண்டி கைமாறிவிடும். மாநிலத்துக்கு மாநிலம் டைட்டில் சட்டங்களில் வித்தியாசம் உண்டு, வழக்கின் முடிவும் மாறலாம். ஆனாலும் போலீஸ் வண்டியைக் கண்டுபிடித்துவிட்டது என்பதும், அது உங்களுக்குத் திரும்பிவிடும் என்பதும் ஒன்றல்ல. காப்பீட்டையும் பெரிதாக நம்ப வேண்டாம். தானாகக் கொடுத்த வண்டிக்குத் திருட்டு இழப்பீடு இல்லை என்று சொல்லும் பாலிசிகள் உண்டு. உங்கள் பாலிசியில் அந்த விலக்கு இருக்கிறதா என்று விற்கும் முன்பே படித்துப் பார்ப்பது நல்லது.

அப்படியானால் எப்படித்தான் விற்பது? என்னைக் கேட்டால் முதலிடம் வயருக்கு. வங்கியிலிருந்து வங்கிக்கு, ஃபெடரல் ரிசர்வ் நடத்தும் ஃபெட்வயர் வழியாக வரும் பணம் வந்து சேர்ந்ததும் இறுதி. திரும்பப் பெறும் வசதி அனுப்பியவருக்கு இல்லை. வாங்குபவர் முப்பது டாலர் அளவில் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். அதற்காகத் தயங்குகிறவரிடம் அந்தத் தொகையை விலையில் குறைத்துக்கொள்ளலாம். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். வயர் போய்விட்டது என்று அவர் காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டையோ, வங்கியிலிருந்து வந்ததுபோல வரும் மெயிலையோ ஏற்க வேண்டாம். உங்கள் வங்கிக்கு நீங்களே போன் செய்து, வந்தது வயர்தானா, வந்துவிட்டதா என்று கேளுங்கள். ‘வயர்தானா’ என்று அழுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பேங்க் டிரான்ஸ்ஃபர் என்ற பொதுப்பெயரில் ஏசிஹெச் என்னும் தானியங்கித் தீர்வு வலை வழியாக வரும் பணம் வேறு இனம். அது சில சூழ்நிலைகளில் திரும்பக்கூடியது. முன்பின் தெரியாதவரிடம் கணக்கு எண்ணைக் கொடுக்க மனம் வரவில்லையென்றால், இதற்கென்று ஒரு தனி சேமிப்புக் கணக்கைத் திறந்து, பணம் வந்ததும் வேறு கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம்.

காஷியர்ஸ் செக்தான் வேண்டும் என்றால், செக்கைப் பார்க்காதீர்கள், அது பிறப்பதைப் பாருங்கள். வேலை நாளில், வேலை நேரத்தில், வாங்குபவரின் வங்கிக் கிளைக்கு இருவரும் சேர்ந்து போக வேண்டும். கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊழியர் அச்சடித்து, கையெழுத்திட்டு, உங்கள் கண் முன்னால் எடுத்துத் தர வேண்டும். ஏற்கெனவே எடுத்து உறையில் வைத்திருக்கிறேன், வாசலில் சந்திப்போம் என்பது இதற்கு ஈடாகாது. வங்கிக்கு வெளியே காரில் காத்திருங்கள், நான் உள்ளே போய் வாங்கி வருகிறேன் என்பதும் ஆகாது. உண்மையான வாங்குபவர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் டைட்டில் உண்மையானதா, வண்டியின் மேல் கடன் இருக்கிறதா என்ற கவலைகள் உண்டு. வங்கியில் சந்திப்பது அவருக்கும் நிம்மதி. வண்டியின் மேல் உங்களுக்கே கடன் பாக்கி இருந்தால், கடன் கொடுத்த வங்கியின் கிளையிலேயே சந்தித்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

உங்கள் ஊரில் கிளையே இல்லாத வங்கியின் செக்கைக் கொண்டு வந்தால்? வயர் செய்யச் சொல்லுங்கள். அவருக்கு அந்த வங்கியில் கணக்கு இருப்பது உண்மையானால் வயர் அனுப்ப ஒரு தடையும் இல்லை.

செக்கை வாங்கிவிட்டீர்கள், சரிபார்க்க வேண்டும் என்றால், செக்கின் மேல் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணை அழைக்கவே கூடாது. அந்த எண்ணில் மறுமுனையில் எடுப்பது மோசடிக்காரனின் கூட்டாளியாக இருக்கலாம். “ஆமாம், எங்கள் செக்தான்” என்று இனிமையாகச் சொல்வார். வைப்புக் காப்பீட்டு நிறுவனமான எஃப்.டி.ஐ.சி. தன் இணையதளத்தில் காப்பீடு உள்ள வங்கிகளின் பட்டியலைத் தேடிப் பார்க்க வசதி செய்திருக்கிறது. அந்தப் பெயரில் வங்கி இருக்கிறதா என்று அங்கே பார்த்து, வங்கியின் சொந்த இணையதளத்திலிருந்து எண்ணை எடுத்து அழையுங்கள். செக் எண், தேதி, தொகை, பெறுபவர் பெயர் நான்கையும் சொல்லிக் கேளுங்கள். நான்கும் பொருந்தினால் நல்ல அறிகுறிதான், ஆனாலும் முழு உத்தரவாதம் ஆகாது. உண்மையான ஒரு செக்கை அப்படியே நகலெடுத்தால் விவரமெல்லாம் பொருந்தும். ரூட்டிங் எண்ணின் ஒன்பது இலக்கங்களும் ஒரு கணிதச் சூத்திரத்துக்குக் கட்டுப்பட்டவை, அதை வைத்துச் சோதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சூத்திரம் உண்மைதான். ஆனால் எந்த வங்கியின் எண்ணையும் இணையத்தில் எடுக்கலாம் என்னும்போது, அந்தச் சோதனையில் தோற்பவன் சோம்பேறி மோசடிக்காரன் மட்டுமே.

ரொக்கம் பழைய முறை, ஆனால் கெட்ட முறை அல்ல. உங்கள் வங்கிக் கவுன்டரிலேயே வாங்கினால் ஊழியர் எண்ணிக் கள்ளநோட்டையும் பார்த்துவிடுவார். இங்கே நம்மவர்கள் பலருக்கு ஒரு வீண் பயம்: 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் போட்டால் அரசாங்கத்துக்குத் தகவல் போகுமே என்பது. போகும்தான். 1970ஆம் ஆண்டின் வங்கி ரகசியச் சட்டத்தின் கீழ் வங்கி ஒரு படிவம் அனுப்பும், அவ்வளவுதான். கார் விற்ற பணம் என்றால் மறைக்க ஒன்றுமில்லை, விற்பனை ரசீதின் நகலை வைத்துக்கொண்டால் போதும். அந்தப் படிவத்தைத் தவிர்ப்பதற்காக இன்று ஆறாயிரம், நாளை ஆறாயிரம் என்று பிரித்துப் போடுவதுதான் குற்றம். பணம் நேர்மையானதாக இருந்தாலும் பிரித்துப் போடும் செயலே தண்டனைக்குரியது. விசாவில் இருப்பவர்கள் இதில் விளையாடக் கூடாது.

எஸ்க்ரோ என்று ஒரு வழியை வாங்குபவர் சொல்லலாம். நடுநிலையான நிறுவனம் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, வண்டி கைமாறியதும் உங்களிடம் கொடுக்கும் முறை அது. முறை நல்லது. ஆனால் வாங்குபவர் அனுப்பும் இணைப்பின் வழியாகப் போகவே கூடாது. எஸ்க்ரோ நிறுவனம்போல வேடமிட்ட போலித் தளங்கள் நிறைய. கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் இதற்கு அரசு உரிமம் வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று மாநிலத் துறையின் தளத்தில் நீங்களே பார்த்து, நீங்கள் தேர்ந்தெடுத்த நிறுவனத்தைச் சொல்லுங்கள்.

பணம் உறுதியான பிறகுதான் டைட்டிலில் கையெழுத்து. வாங்குபவர் பெயரைக் காலியாக விட்டுக் கையெழுத்திட்டுக் கொடுப்பது வேண்டாம். அவருடைய ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துப் பெயரை எழுதி, அனுமதி கேட்டு ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். விற்றுவிட்டேன் என்று மாநில வாகனத் துறைக்குத் தெரிவிப்பதை மறக்க வேண்டாம். கலிபோர்னியாவில் அதற்கு ஐந்து நாள் கெடு, டெக்சாஸில் முப்பது நாள். தெரிவிக்காவிட்டால் புதியவர் வாங்கும் பார்க்கிங் அபராதமும் சுங்கச்சாவடி பில்லும் உங்கள் முகவரிக்கு வந்துகொண்டிருக்கும்.

செக் போலி என்று பின்னால் தெரிந்தால் முதல் போன் உங்கள் வங்கிக்கு. பணம் அனுப்பிய வழி எதுவோ அந்த நிறுவனத்துக்கு இரண்டாவது. வயரை அனுப்பிச் சில மணி நேரத்துக்குள் என்றால் நிறுத்த முயற்சி செய்ய முடியும், பல நாள் ஆகிவிட்டால் வாய்ப்பு குறைவு. வண்டியும் போயிருந்தால் உடனே உள்ளூர்ப் போலீசில் புகார் கொடுத்து, அதன் எண்ணுடன் வாகனத் துறையையும் அணுகுங்கள். நல்லெண்ணத்தில் வாங்குபவர் கைக்கு வண்டி போய்ச் சேரும் முன் தடுக்க அதுதான் வழி. எஃப்.டி.சி.யிடமும், எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்திலும் பதிவு செய்யலாம். செக் தபாலில் வந்திருந்தால் தபால் துறைக்கென்றே தனிப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. அவர்களுக்கு உறை வேண்டும், குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

மைனஸில் நிற்கும் கணக்கை அப்படியே விட்டுவிடுவது அடுத்த தவறு. வங்கி அந்தக் கணக்கை மூடி, செக்ஸ்சிஸ்டம்ஸ் என்னும் வங்கிக் கணக்குப் பதிவகத்துக்குத் தெரிவித்தால், அந்தக் குறிப்பு ஐந்து ஆண்டு நிற்கும். அதைப் பார்த்து வேறு வங்கிகள் கணக்குத் திறக்க மறுக்கலாம். நேரில் போய்ப் பேசி, போலீஸ் புகாரைக் காட்டி, தவணையாகக் கட்ட ஏற்பாடு கேட்டால் பல வங்கிகள் இறங்கி வரும்.

புகார் கொடுத்த சில வாரங்களில் இன்னொரு அழைப்பு வரலாம். நீங்கள் இழந்த பணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், மீட்டுத்தர ஒரு சிறு கட்டணம் கட்டினால் போதும் என்பார்கள். அரசுத் துறையின் பெயரையே சொல்வார்கள், இழந்த தொகையைக்கூடச் சரியாகச் சொல்வார்கள். ஏமாந்தவர்களின் பட்டியலும் விற்பனைச் சரக்குதான். பணத்தைத் திருப்பித் தர எஃப்.டி.சி. யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை.